எல்லைப்புற வாசகரும் ‘லாக்கப்’ என்னும் நாவலும்

துப்பறியும் நாவல்களைப் பற்றி நமது கலாசாலை மாணாக்கரிடையே ஆண்டுதோறும் எழும் வாதம் ஒன்று உண்டு. கொலையோ களவோ நிகழ்ந்தவிடத்து, கூரிய மதியுடைய ஒருவன் சுருட்டுச் சாம்பலையும் சேறு படிந்த பாதரட்சையையும் கண்டு குற்றவாளியை வெளிப்படுத்தும் கதையே சிறந்ததென்பர் ஒரு சாரார். போலீஸ் நிலையத்தின் அழுக்கையும், அங்குள்ள உத்தியோகஸ்தரின் அயர்வையும் கோபத்தையும் பலவீனத்தையும் உள்ளவாறே காட்டுவதுதான் மெய்யான கதையென்பர் மற்றொரு சாரார். பின்னவர் தமது கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக் காட்டுவன பெரும்பாலும் ஸ்காத்லாந்து தேசத்து நாவல்களே. ‘அவை போன்றதொரு போலீஸ் நாவல் தமிழில் உண்டா?’ என்னும் வினா இவ்வாதத்தினிடையே தவறாமல் எழும். உண்டு என்பதே நமது விடை. கோயமுத்தூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த மு. சந்திரகுமார் என்பவர் எழுதி, 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லாக்கப்’ என்பதே அந்நூல். அதனைப் பற்றியும், திருத்தணிகைக்கு அருகே ஆந்திர எல்லையை அடுத்துள்ள பொதட்டூர்பேட்டையில் அதனைப் படித்தோர் நம்மிடம் கூறிய அபிப்பிராயங்களைப் பற்றியும் இங்கே எழுதக் கருதினோம்.

ஸ்காத்லாந்தை முதலிற் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1859-இல் எடின்பரோ நகரிற் பிறந்தவர். அந்நகரத்துச் சர்வகலாசாலையிலேயே வைத்தியம் பயின்றவர். அங்கே அவருக்கு ஆசிரியராயிருந்த ஜோசப் பெல் என்னும் சத்திர வைத்தியர், நோயாளி வாய் திறக்குமுன்னரே அவனுடைய தொழிலை உய்த்துணர்ந்து சொல்லவல்லவர். ஹோம்ஸின் சாமர்த்தியம் அவரிடமிருந்து பெறப்பட்டதென்பதை டாயிலே ஒப்புக்கொண்டிருக்கின்றார். எனினும் அவர் தம் கதாநாயகனை எடின்பரோவில் வைக்காமல் லண்டனிற் குடியேற்றினார். போலீஸாரை அவனுக்கு முன் மந்தபுத்தியுடையோராக நிறுத்தினார். ஹோம்ஸ் முதன்முதலாக அச்சேறியது 1887-இல். அதற்குச் சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1977-இல், வில்லியம் மக்கில்வானி என்பவர் ‘லெயிட்லா’ என்னும் நாவலை வெளியிட்டார். அதிற் கதை நிகழுமிடம் கிளாஸ்கோ நகரம்; கதாநாயகன் ஒரு போலீஸ் உத்தியோகஸ்தன். அவன் தன் மேஜையறையிற் பூட்டி வைத்திருப்பன தத்துவ நூல்கள். கொலை செய்தவன் யார் என்பது வாசகனுக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகின்றது. வெறிகொண்டு தேடுவோர் கையில் அவன் அகப்படுமுன் போலீஸார் அவனை அடைவார்களா என்பதே கதை. 1987-இல் இயன் ராங்கின் எடின்பரோவைக் களமாகக் கொண்டு ரீபஸ் என்னும் போலீஸ்காரனைப் படைத்தார். குடியும் தனிமையும் பழைய காயங்களும் நிறைந்த அம்மனிதனை வாசகர் இன்னும் விட்டபாடில்லை.

இவற்றைப் படிப்போர் கூறும் குறைகளும் ஒன்றுபோலவே உள்ளன: இருள் மிகுதி, வசைச்சொல் மிகுதி, பேச்சு வழக்கு விளங்கவில்லை, நல்லவர் எவருமில்லை. புகழுரைகளும் அவ்வாறே: நகரம் மெய்யாக இருக்கின்றது, மனிதர் மெய்யாக இருக்கின்றனர். இவ்விருவகை மொழிகளையும் பொதட்டூர்பேட்டையிலும் நாம் கேட்டோம்.

தமிழ்க் கதையுலகிற் போலீஸ்காரன் புகுந்த வரலாறு விநோதமானது. டாயில் பிறந்த அதே 1859-ஆம் ஆண்டிற் பிறந்த பண்டித எஸ். எம். நடேச சாஸ்திரியார் 1894-இல் ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்களைக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதைக்கு அதுவே தோற்றுவாய் என்பது பலர் கருத்து. ஆகவே நமது முதல் துப்பறிவோன் போலீஸைச் சேர்ந்தவன். ஆயினும் பின்வந்தோர் அவ்வழியை விட்டு விலகினர். ஜே. ஆர். ரங்கராஜு தமது ‘ராஜாம்பாள்’ முதலிய நாவல்களிற் கோவிந்தன் என்னும் துப்பறிவோனை வைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்று ஒரு சந்நியாசியையே இத்தொழிலில் இறக்கினார். தேவன் ‘ஆனந்த விகட’னில் உலவவிட்ட சாம்புவோ ஒன்றும் அறியாத அப்பாவி; இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்க, தற்செயலாகவே வழக்குகள் துலங்கும். பின்னர்த் தமிழ்வாணனுடைய சங்கர்லால் வந்தான். 1968-இல் ‘நைலான் கயிறு’ வந்தபொழுது சுஜாதா முன்னிறுத்தியது கணேஷ் என்னும் வக்கீலை. சந்நியாசி, அசடு, வக்கீல் என்று எல்லோரும் வருகின்றனர். போலீஸ்காரன் மாத்திரம் பின்னணியிற் சலாம் போடுகின்றான், அல்லது தடுமாறுகின்றான். மேனாட்டுக் கதைகளைத் தழுவியதே இதற்குக் காரணமென்பர். அது பாதி உண்மை. மற்றப் பாதியை நமது நாட்டுச் சரித்திரத்திலே தேடவேண்டும்.

சென்னை இராஜதானியில் வரி வசூலிப்பதும் குற்றம் விசாரிப்பதும் ஒரே உத்தியோகஸ்தர் கையில் இருந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஜனங்கள் பட்ட வதையை விசாரிக்க நியமிக்கப்பட்ட கமிஷன் 1855-இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ என்னும் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்திலேயே அவ்வறிக்கையில் இடம்பெற்றன. ஒரு பாஷையின் சொற்கள் பிற பாஷையிற் குடியேறுவதற்கு இதனினும் துக்ககரமான வழி இருத்தல் அரிது. அவ்வறிக்கையின் பயனாகவே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் பிறந்து, போலீஸ் தனி இலாகாவாயிற்று. 1872-இல் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கூறிய குற்ற ஒப்புதல் அதைக் கூறியவனுக்கு எதிரான சாட்சியமாகாது என்று விதித்தது. அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாதென்றால் அடிக்கமாட்டார்கள் என்பது சட்டம் வகுத்தோர் எண்ணம்.

ஆனால் 27-ஆம் பிரிவில் ஒரு வாயில் திறந்திருந்தது. காவலில் இருப்பவன் கூறிய தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மாத்திரம் சாட்சியமாகும். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும், 23-ஆம் பிரிவில், இம்மூலவிதியும் விலக்கும் ஒருசேர நிற்கின்றன. களவு வழக்குகளிற் பொருளை ‘மீட்பது’ ஏன் அத்துணை முக்கியமாகின்றது, காவலில் உள்ளவனிடம் ‘எங்கே வைத்தாய்?’ என்ற ஒரே வினா ஏன் ஓயாமற் கேட்கப்படுகின்றது என்பன இதனை அறிந்தார்க்கே விளங்கும். ‘லாக்கப்’ நாவலைப் படிக்கப் புகுவோர் இதனை மனத்திற்கொள்ளுதல் நலம்.

இனி அந்நூலுக்கு வருவோம். 1983-இல் பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ் வாலிபர் சிலர், தாம் செய்யாத களவை ஒப்புக்கொள்ளும்படி போலீஸ் நிலையத்தில் வைத்துப் பல நாள் வதைக்கப்படுகின்றனர். அவ்வாலிபருள் ஒருவர் இந்நூலாசிரியர். தம் அனுபவத்தையே அவர் நாவலாக்கினார். அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்கின்றது. இக்கதையிலே அந்த 24 மணி நேரம் பல நாட்களாக நீள்கின்றது, அந்நீட்சியே கதை. துப்பறியும் நாவலின் இலக்கணம் முழுவதும் இங்கே தலைகீழாகின்றது. மற்றக் கதைகளிற் குற்றம் தெரியும், குற்றவாளி தெரியான். இங்கே குற்றவாளி என்பவன் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றான். அவனுக்கேற்ற குற்றத்தை அவன் வாயிலிருந்து வருவிப்பதே வேலை. மக்கில்வானியும் ராங்கினும் போலீஸ்காரனுடைய கண்ணால் நிலையத்தைப் பார்த்தனர். சந்திரகுமார் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அவ்வகையில் இது அவர்களுடைய நாவல்களைக் காட்டிலும் கடுமையானது என்பது நமது கருத்து.

பொதட்டூர்பேட்டை வாசகரை நாம் தேர்ந்துகொண்டது தற்செயலன்று. தறிகளால் வாழும் அவ்வூர் இன்று திருவள்ளூர் ஜில்லா பள்ளிப்பட்டுத் தாலூகாவைச் சேர்ந்தது. திருத்தணிப் பிரதேசம் முன்னர்ச் சித்தூர் ஜில்லாவில் இருந்து, எல்லைக் கிளர்ச்சியின் பின், 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதேயன்றி, மனிதர் நாவில் இரண்டு பாஷைகளும் இருந்தபடியே இருக்கின்றன. ஒரு வீட்டிற் பாட்டி தெலுங்கிற் கடிந்துகொள்ளப் பேரன் தமிழில் விடையிறுப்பான். சந்தையில் விலை பேசுவது எப்பாஷையில் என்பது எதிரே நிற்பவன் முகத்தைப் பொறுத்தது. தெலுங்கு விளங்காத தமிழர் தெலுங்குப் போலீஸாரிடம் அகப்பட்டு, கேட்கப்படும் கேள்வியே இன்னதென்று அறியாமல் அடிபடும் கதை இவ்வூராருக்கு எவ்வாறு தோன்றும் என்பதை அறிய விரும்பினோம்.

முதலில் ஒரு முதிய நெசவாளர் கூறியதைச் சொல்லுவோம். கைத்தறிக் காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்கக் குழியில் இருந்தபடியே மற்றவர் கேட்பது வழக்கம். விசைத்தறி வந்தபின் அவ்வோசையில் எதுவும் காதில் விழுவதில்லை. ஆதலால் இந்நூலை அவர் தனியே, இரவில், மூன்று நாளிற் படித்தாராம். “கதை கேட்டால் தூக்கம் வரவேண்டும், இதைப் படித்துத் தூக்கம் போயிற்று” என்றார். அவரது குறை பிறிதொன்று: அடி விழும் இடங்கள் அதிகம். ஒரு முறை சொன்னாற் போதாதா, ஏன் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும் என்பது அவர் கேள்வி. இதே குறையைப் பலரும் கூறினர். நாம் இதற்கு உடன்படவில்லை. நிலையத்தில் அடி ஒரு முறை மாத்திரம் விழுவதில்லை. அந்தத் திரும்பத் திரும்ப வருதலே அதன் தன்மை. அதனைச் சுருக்கி எழுதினால் வாசகனுக்கு இதமாக இருக்கும், உண்மைக்குப் பொருந்தாது. எனினும் இலக்கிய நயம் நோக்குவார்க்குச் சிற்சில பகுதிகள் தொய்வாகத் தோன்றுதல் இயல்பே. தொழில்முறை எழுத்தாளர் ஒருவர் கையில் இவை இறுகியிருக்கும். இறுகும்பொழுது எதையேனும் இழந்துமிருக்கும்.

கலாசாலை மாணாக்கன் ஒருவனுக்கு வேறு மனத்தாங்கல். ராஜேஷ்குமார் நாவல்களிலே பழகியவன் அவன். ‘முடிச்சு எங்கே? அவிழ்ப்பது எங்கே?’ என்று கேட்டான். முடிவில் ஒரு திருப்பமேனும் வேண்டாவா என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதன் சொன்ன விடை நமக்குப் பிடித்திருந்தது: “நீ படித்ததிலெல்லாம் போலீஸ் ஜீப்பு வந்து நின்றவுடனே கதை முடிந்துபோகும். இதில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.”

பாஷையைப் பற்றி எழுந்த வாதம் நீண்டது. நூலில் வரும் வசைச்சொற்கள் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கத் தகாதவை என்றார் ஒருவர். அவ்வாறு கூறியவரே, அச்சொற்கள் யாவும் பஸ் நிலையத்திற் காலை முதல் மாலை வரை கேட்கப்படுவன என்பதையும் ஒப்புக்கொண்டார். காதாற் கேட்பது வேறு, அச்சிற் காண்பது வேறு என்பது அவர் கட்சி. ஸ்காத்லாந்து நாவல்களைப் பற்றியும் அந்நாட்டு வாசகர் சிலர் இதனையே சொல்லுவர். ஓர் ஆசிரியையின் நோக்கு இதனினும் நுட்பமானது. தெலுங்கு அறிந்த தமக்கு, போலீஸார் பேசுவது இன்னதென்று மனத்துக்குள் உடனே விளங்கிவிடுகின்றதாம். ஆகவே தாம் அந்த வாலிபரோடு நில்லாமல், தம்மை அறியாமலே அடிப்பவர் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் ஒரு கூச்சம் உண்டாயிற்று என்றார். வாலிபர்க்கு ஓசையாக மாத்திரம் விழும் சொல், இவருக்குப் பொருளோடு விழுகின்றது. தமிழ்நாட்டின் உட்பகுதியில் வாழும் வாசகர் எவரும் இவ்விதம் சொல்ல இயலாது. எல்லைப்புறத்தில் இந்நூலைப் பற்றிக் கேட்டு அறிந்தவற்றுள் இதுவே அரிய அபிப்பிராயம் என எண்ணுகின்றோம்.

‘இது தெலுங்கரைப் பழிக்கும் நூலன்றோ?’ என்று இருவர் கேட்டனர். அவர்களது வீட்டுப் பாஷை தெலுங்கு. அக்கேள்வி நியாயமானதே. எல்லைக் கிளர்ச்சியின் நினைவுகள் முற்றும் மறைந்துவிடாத பிரதேசத்தில் இத்தகைய நூல் ஒருவர் கையில் ஆயுதமாகக்கூடும். ஆயின் நூலைக் கூர்ந்து படிப்போர்க்கு, அங்கே அடிப்பது ஒரு பாஷையன்று, ஓர் இலாகா என்பது புலனாகும். தமிழ்ப் போலீஸாரின் கொடுமையைக் கூறும் தமிழ் நாவலும் உண்டு. வீரப்பன் வேட்டையின்போது சத்தியமங்கலத்து மலைவாசிகள் பட்ட பாட்டை ச. பாலமுருகன் 2004-இல் ‘சோளகர் தொட்டி’ என்னும் நூலில் எழுதினார். 2020-இல் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டு மாண்டதை நாடறியும். அங்கே அடித்தவர் பேசியதும் அடிபட்டவர் அலறியதும் ஒரே பாஷையில்தான்.

அவ்விருவரும் இதனை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்லமாட்டோம். பேச்சு 2015-ஆம் ஆண்டுக்குத் திரும்பிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, அந்நாளிற் சித்தூர் ஜில்லாவிலிருந்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்களென்று சொல்லித் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேரை ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டுக்கொன்றனர். அச்செய்தியை இவ்வூரார் படித்த முறை வேறு. வேலைக்கென்று அழைத்துச் செல்லும் ஆளை நம்பி எல்லை கடப்பது இப்பக்கத்து ஏழைகட்குப் புதிதன்று. அவர்களது உறவினர் பாதிப்பேர் அப்பக்கத்திலேயே இருக்கின்றனர். ‘லாக்கப்’ முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கதை என்று எவரும் அவ்வூரில் நம்மிடம் சொல்லவில்லை.

அதே ஆண்டிலேதான் இந்நாவலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ வெனிஸ் நகரத்துப் படவிழாவிற் காட்டப்பட்டது. 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்தது; சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசியப் பரிசும் பெற்றது. படத்தைப் பார்த்துப் பின்னர் நூலைத் தேடியோரே நாம் கண்ட வாசகரில் அதிகம். அவர்கள் ஏமாற்றம் அடைவதும் உண்டு. ஏனெனில் படத்தின் பிற்பாதியில் வரும் சென்னைக் கதை நூலில் இல்லை. அப்பிற்பாதியில், மனச்சாட்சியும் உத்தியோகமும் இரு பக்கத்தும் இழுக்கத் தத்தளிக்கும் இன்ஸ்பெக்டராகச் சமுத்திரக்கனி நடித்தார். ஸ்காத்லாந்து நாவல்களில் வரும் போலீஸ்காரனுக்கு மிக நெருங்கிய உறவினன் அவனே. நூலில் அத்தகையோன் ஒருவனை நாம் வேண்டினோமா என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். வேண்டவில்லை. அடிபடுகின்றவனுக்கு அடிப்பவனுடைய மனப்போராட்டம் தெரிவதற்கில்லை; தெரிந்ததுபோல் எழுதுவது அவனுக்குப் பொய்யாகும்.

போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் நூலைப் படித்திருந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று தயங்கியே கேட்டோம். அவர் மறுக்கவுமில்லை, வருந்தவுமில்லை. “மேலிருந்து கேட்பார்கள்: பத்து நாளாயிற்று, பொருள் எங்கே என்று. பணக்காரன் வீட்டில் களவு போனால் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கேட்பார்கள். அந்தக் கேள்வி படி இறங்கி இறங்கி வந்து, கடைசியில் ஊர் பேர் தெரியாத ஒருவன் உள்ளங்காலில் வந்து நிற்கும். நூல் எழுதினவர் கடைசிப் படியிலிருந்து எழுதினார், அதனால் மேற்படிகள் அவருக்குத் தெரியவில்லை” என்றார். ஒப்புதல் செல்லாதென்னும் சட்டத்தைப் பற்றிக் கேட்டபொழுது, செல்லாதென்பது எல்லோருக்கும் தெரியும், பொருள் கிடைத்தாற் செல்லும் என்பதும் தெரியும் என்றார். மேலே நாம் எழுதிய 27-ஆம் பிரிவை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய வேறெவரையும் நாம் கண்டதில்லை. ஸ்காத்லாந்து நாட்டுச் சட்டத்தில், ஒருவனது ஒப்புதல் மாத்திரம் இருந்தாற் போதாது, அதனை வலியுறுத்தும் பிற சான்றும் வேண்டும் என்னும் விதி நெடுங்காலமாக உண்டென்று சொன்னோம். “அங்கேயும் போலீஸைப் பற்றி இப்படித்தானே நாவல் எழுதுகிறார்கள்?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கூறிய மேற்படிகளைப் பற்றிய நாவல் தமிழில் இன்னும் செவ்வையாக எழுதப்படவில்லை என்றே எண்ணுகின்றோம். உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதவேண்டிய நூல் அது. போலீஸ் உத்தியோகத்திற் புகுந்துள்ள நமது பழைய மாணாக்கர் எவரேனும் முன்வரின் நன்று; அவரது பெயரை மறைத்து வெளியிடுதலும் கூடும்.

நூலைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கலாமா என்ற கேள்வி கடைசி வரையில் தீரவில்லை. கூடாதென்றவர் பலர். மேலே குறித்த ஆசிரியை மாத்திரம், தம் வீட்டில் பதினாறு வயதுப் பையனுக்கு இதனைக் கொடுத்ததாகவும், கொடுக்குமுன் கைது செய்யப்பட்டவனுக்குள்ள உரிமைகளை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்ததாகவும் கூறினார். காரணத்தைத் தெரிவிக்கவேண்டும், உறவினருக்கு அறிவிக்கவேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுசெல்லவேண்டும், வக்கீலைக் காணலாம் என்று நான்கு வரி. அத்தாளைத் தமிழில் ஒரு பக்கமும் தெலுங்கில் மறுபக்கமும் எழுதியிருந்தார்.